மில்லுக்காரர் தலையில் மைதா

நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசி வரை சரியாகச் சொல்ல வரவில்லை. அம்மா, "டிராயிங் டீச்சருக்குப் படிக்கா" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அப்பாவுக்கு அவ்வளவு தைரியமாகப் பொய் சொல்ல வராது. "படம்..." என்று இழுத்து, காற்றில் கையை மேலும் கீழும் ஆட்டுவார். அந்த ஆட்டலைப் பார்க்கிறவனுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதுதான் ஞாபகம் வரும். நான் முதல் வருஷம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்து கோடவுன்காரர் வந்து, "அண்ணாச்சி, மோளு சும்மா இருக்கிற நேரம் நம்ம ஷட்டருக்கு ஒரு கோட்டு பச்சை அடிச்சுத் தருமோ?" என்று கேட்டார். அடித்துக் கொடுத்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட என் முதல் படைப்பு அதுதான். இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் துருப்பிடித்துவிட்டது.

கொச்சங்காடியில் எங்களுக்கு மாவு மில். கல்யாணத்துக்கு முன்பே அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்துவிட்டார். நான் இங்கேயே பிறந்து, மலையாளத்தில் பள்ளிக்கூடம் படித்தவள். தமிழ் எழுத்து மட்டும் அம்மா வாங்குகிற வாரப் பத்திரிகையிலிருந்து பொறுக்கியது. இதில் பிழை கண்டால் அம்மாவைக் கேளுங்கள், நான் பொறுப்பில்லை.

மில்லில் எதை அரைக்கிறாரோ அதுதான் அப்பாவின் நிறம். மல்லி அரைத்தால் பழுப்பு, மிளகாய் அரைத்தால் சிவப்பு, புட்டுக்கு அரிசி அரைத்தால் புருவம், இமை, காதுக்குள் இருக்கிற முடி வரை வெள்ளை. எங்கள் அப்பாவின் சொந்த நிறம் ஞாயிற்றுக்கிழமை குளித்த பிறகுதான் தெரியவரும். நாலு வருஷம் கலர் தியரி படித்ததில் நான் புதிதாகத் தெரிந்துகொண்டது குறைவு.

அவருக்கு ஒரு பழக்கம். மாவு விழுகிற வாயில் கையை நீட்டி, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துப் பார்ப்பார். தலை ஒரு பக்கம் சாய்ந்து மிஷின் சத்தத்தைக் கேட்கும். பொடி பதம் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். நரநரவென்று இருந்தால், "இன்னொரு ஓட்டு ஓட்டலாம்" என்பார். அது மாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துணிக்கடையில் சட்டைத் துணி, அம்மா சேலை முந்தானை, பஸ் டிக்கெட், எதுவானாலும் தேய்த்துப் பார்த்துத்தான் அபிப்பிராயம். நான் ஆசையாக வாங்கி வந்த கெட்டி டிராயிங் பேப்பரை அப்படித்தான் தேய்த்தார். "கொஞ்சம் பரபரன்னு இருக்கே. இன்னொரு ஓட்டு ஓட்டிருக்கலாம்லா?" என்றார். அந்தக் காகிதத்துக்கு விலையே அந்தப் பரபரப்புக்குத்தான் என்று சொன்னேன். ஐயோ பாவம், பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

காலையில் படகு, அப்புறம் பஸ், எர்ணாகுளம் தாண்டி எங்கள் ஓவியக் காலேஜ். வரைந்து பழகுவதற்காக பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் காதையே முறைத்துப் பார்த்து, "எந்தா மோளே, ஏதும் பிரச்சனை உண்டோ?" என்று வாங்கிக் கட்டிக்கொள்வதில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. கடைசி வருஷத்தில்தான் சோதனை வந்தது. பெயின்டிங் பிரிவில் ஆளுயரத்துக்கு ஒரு உருவப்படம் வரைய வேண்டும். எங்கள் துறைக்கு என்று ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஃபோட்டோ பார்த்து வரையக் கூடாது. உயிரோடு ஒரு ஆளை முன்னால் நிறுத்தித்தான் வரைய வேண்டும். அதோடு விட்டால் போதாதா? வெளியூரிலிருந்து மார்க் போட ஆள் வருகிற நாளில், அந்த ஆளையே கூட்டி வந்து, அதே உடுப்பில், அதே நிலையில் படத்தின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். "ஆளையும் பாக்கட்டும், படத்தையும் பாக்கட்டும். அப்பத்தான் நீங்க எங்க கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சீங்கன்னு தெரியும்" என்பார் எங்கள் சார். ஆக, பரீட்சையில் பாதி நாங்கள், பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

இதில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். எர்ணாகுளத்தில் சித்தப்பாவுக்குப் பாத்திரக் கடை. அங்கே கேஷில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். "ஏசி போட்டுட்டேன், பொம்பளப் பிள்ளைக்கு இதவிட சொகம் என்ன வேணும்?" என்று சித்தப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கோ, தேறினால் ஹைதராபாத்தில் மேல்படிப்புக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதை அப்பாவிடம் சொல்லியும் இருந்தேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல இத முடி" என்றார். குக்கரும் இட்லிக் கொப்பரையும் அடுக்கியிருக்கிற அந்த ஏசி ரூமை நினைத்தாலே எனக்குக் குளிர் எடுத்தது.

நிறுத்துவதற்கு ஆள் தேடினேன். அம்மா பத்து நிமிஷம் நின்று, "அடுப்புல பால்" என்று ஓடியவள்தான், திரும்பவே இல்லை. அப்பாவைக் கேட்கவே எனக்கு யோசனை. அவரோ உடனே ஒப்புக்கொண்டார். காரணம் நான் இல்லை, ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. எங்கள் பக்கத்துப் பழைய கோடவுன்களில் அவ்வப்போது கலைக் கண்காட்சி நடக்கும். அந்தச் சமயம் மட்டாஞ்சேரியில் எது கண்காட்சி, எது கடை என்று வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. அந்தத் தம்பதி நேராக எங்கள் மில்லுக்குள் வந்து, தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற அப்பாவைக் கைகட்டிப் பார்த்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெல்லக் கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஒரு கிலோ பொடி வாங்கலியே" என்று அப்பாவுக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் அன்றிலிருந்து தன்னிடம் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியிருந்தது.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில், மூட்டைகளுக்கு நடுவில் ஈஸல் ஸ்டாண்டை நிறுத்தி வரைய ஆரம்பித்தேன். ஆயில் பெயின்ட். கொச்சிக் காற்றில் ஆயில் பெயின்ட் காய்வதும் ஒன்றுதான், மழைக்காலத்தில் ஜமுக்காளம் காய்வதும் ஒன்றுதான். அப்பாவுக்கோ சும்மா நிற்க வராது. "கை நீட்டி நிக்கச் சொல்ற, கையில பொடி விழாம எப்படி நிக்கது?" என்று மிஷினைப் போட்டுவிடுவார். பறக்கிற மாவெல்லாம் எங்கே போய் உட்காரும்? ஈரமாக இருக்கிற என் படத்தில்தான்.

முதல் நாள் துடைத்துப் பார்த்தேன், மாவோடு மூக்கும் வந்துவிட்டது. மறுநாள் பழைய சேலையைக் கட்டி மறைத்தேன். மறைத்தால் நான் எப்படி வரைவது? கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். படத்தில் அப்பாவின் தலையிலும் தோளிலும் நான் வரைந்த வெள்ளையின் மேல் நிஜப் புட்டுப்பொடியும் சேர்ந்து படிந்தது. கீழே வலது மூலையில் மிளகாய் அரைத்த நாளின் சிவப்பு. வாடிக்கையாக வருகிற இத்தா, முஸ்லிம் வீட்டு அக்கா ஒருத்தி, அரிசியை வைத்துவிட்டு என் பின்னால் நின்று, "அண்ணாச்சி தன்னே! பக்ஷே மூக்கு கொஞ்சம் கூடிப்போச்சு, குறைச்சுக்கோ" என்று தினமும் சொல்லுவாள். அளவு கேட்டு அரைத்துக் கொடுக்கிற இடம் இல்லையா, மூக்கையும் அப்படியே நினைத்துவிட்டாள்.

பாதி முடிந்த படத்தை சாரிடம் காட்ட ஒருநாள் ஆட்டோவில் கொண்டுபோனேன். சார் கிட்டே வந்து, நகத்தால் லேசாகச் சுரண்டி, முகர்ந்து பார்த்தார். "இது என்ன, படத்தைப் பார்த்தா பசிக்குது?" என்றார்.

"வறுத்த புட்டுப்பொடி சார். தானா ஒட்டினது."

சார் நகத்தில் ஒட்டியதைத் தட்டிவிட்டார். என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம், "உயிரோட உள்ளதை வரையச் சொன்னது நான்தானே, அனுபவிக்க வேண்டியதுதான். எறும்பு ஏறாம பாத்துக்கோ" என்றார். என் தோழி ஒருத்தி, வைப்பின் தீவுக்காரி, ஆவலாக மிளகாய் மூலையருகே குனிந்து பார்த்துவிட்டுத் தும்மத் தொடங்கினாள். வகுப்பு முடியும் வரை நிறுத்தவில்லை. அவள் மீன் கூடையோடு தன் அம்மாவை வரைந்துகொண்டிருந்தாள். அவள் படம் நாறாது, என் படம் நெடி அடிக்கும் என்று வகுப்பில் பேச்சாகிவிட்டது.

வரைகிற நாளெல்லாம் அப்பா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடிஞ்சப்புறம் பாக்கேன்" என்பார். முடிந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், மில்லைப் பூட்டுவதற்கு முன்னால் சேலையை விலக்கிக் காட்டினேன். அப்பா குளித்து, சட்டை மாற்றி, சாமி கும்பிடப் போகிறவர் போல வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கானால் உள்ளுக்குள் ஒரே துள்ளல்.

"நான் இப்படியா தாயி இருக்கேன்?" என்றார்.

"அப்படியே தாம்ப்பா. அச்சு அசல்" என்றேன், பெருமை தாங்காமல்.

அவர் தலையாட்டினார். சேலையை அவரே திரும்ப இழுத்து மூடினார். வீட்டுக்கு நடந்து போகிற வழியில், "சித்தப்பன் கடையில கேஷுக்கு இன்னும் ஆளு எடுக்கலியோ?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. படத்தைப் பார்த்த உடனே கேட்கிற கேள்வியா இது? தேறாது என்றே முடிவு கட்டிவிட்டாரா? கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. அம்மா இரண்டு பக்கமும் சாயாவை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பரீட்சை அன்று படத்தை மாட்ட நான் விடியற்காலையிலேயே போய்விட்டேன். அப்பாவும் அம்மாவும் பின்னால் வருவதாக ஏற்பாடு. எங்கள் ஸ்டுடியோ பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஒரு படத்தின் பக்கத்தில் மீன் கூடையோடு தோழியின் அம்மா, இன்னொன்றின் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு சேட்டன், கையில் சாவியோடு. எல்லோரும் தத்தம் படத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, அடுத்தவர் படத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கரை வேட்டி, சந்தன நிறச் சட்டை. மழமழவென்று சவரம் செய்த முகம். தலையும் மீசையும் கன்னங்கரேல். காதின் மேல் ஓரத்திலும் நெற்றியிலும்கூடக் கொஞ்சம் கறுப்பு இறங்கியிருந்தது. யாரோ கல்யாணத் தரகர் வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே அம்மா வந்தாள்.

நான் வாசலுக்கு ஓடினேன்.

"அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

அப்பா பதில் சொல்லாமல் மீசையைத் தடவினார். விரலில் மை ஒட்டியது. "உன் காலேஜுக்கு மொத மொத வாறேன்லா" என்றார்.

"லுங்கி, பனியன்?"

அம்மா பெருமையாகப் பையிலிருந்து எடுத்தாள். மில்லில் கட்டுகிற லுங்கிதான். அதே பனியன்தான். இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி வேறு போட்டிருந்தாள். வருஷக்கணக்காகப் போகாத கறை ஒன்றுகூட இல்லை. "நாலு பேரு பாக்க எடத்துல அழுக்கா நிக்கதுக்கா?" என்றாள். இப்படி ஒரு அப்பா, இப்படி ஒரு அம்மா. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். படத்தில் நிற்பது வெள்ளை முடியும் முள்ளுத் தாடியுமாக ஒருவர். பக்கத்தில் நிற்கப்போவது கரிக்கட்டை மாதிரி மீசையோடு ஒருவர். யார் நம்புவார்கள்? கண்ணுக்கு முன்னால் பாத்திரக் கடையின் ஏசி ஜில்லென்று வீசியது.

அழ ஆரம்பித்த என்னைப் பிடித்து உலுக்கியது வைப்பின்காரிதான். "கரையாதடீ, அழாத. உங்கப்பா மில்லுல எப்படி வெள்ளையாவாரு?"

"மாவுல."

"பின்ன என்ன?" என்று ஓடினாள். அவள் வருவதற்குள் அப்பா லுங்கி, பனியனுக்கு மாறியிருந்தார். திரும்பி வரும்போது காலேஜ் கேன்டீனில் பொரோட்டாவுக்கு வைத்திருந்த மைதா ஒரு சட்டி நிறைய அவள் கையில்.

அதுவரை குற்றவாளி போல நின்ற அப்பாவுக்கு அதைக் கண்டதும் ரோஷம் வந்துவிட்டது. "மைதாவா? ஏ, நம்ம மில்லுக்குள்ள என்னைக்காவது மைதா ஏறியிருக்கா? என் தலையில மைதாவா?"

"அப்பா, குனிங்கப்பா!"

குனிந்தார். நான் தலையில் கொட்டினேன். தோழி ஸ்பாஞ்சால் கன்னத்தில் தாடியை ஒற்றினாள். அம்மா, தான் போட்ட இஸ்திரி கண்ணெதிரே கசங்குவதைப் பார்த்து, "போங்கடி, எல்லாம் பைத்தியம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்க் போட வந்தது ஒரு மேடம். அதிகம் பேசாதவர். படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டே போய்ப் படத்தில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்தார். "ஒட்டினதா, ஒட்ட வச்சதா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஒட்டினது மேடம். எடுத்தா படமும் கூட வருது. அதனால விட்டுட்டேன்."

அவர் அப்பா பக்கம் திரும்பி, படத்தில் இருப்பது போல நிற்கச் சொன்னார். அப்பா கையைத் தொங்கப்போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்து நின்றார். போச்சு என்று நினைத்தேன். அந்த நேரம் தலையிலிருந்து ஒரு கொத்து மைதா நழுவி அவர் முன்கையில் விழுந்தது. கையை உயர்த்திப் பிடித்தார். கட்டைவிரல் தானாகத் தேய்க்க ஆரம்பித்தது. தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, அங்கே இல்லாத மிஷினின் சத்தத்தைக் கேட்கிற மாதிரி. நான் மாதக்கணக்காக நிறுத்தி வரைந்த அப்பா அப்படியே அங்கே நின்றார். மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஆளு இவருதான்" என்று சொல்லி, மார்க்கை எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். அவருக்குப் பின்னால் போன சார், என்னைப் பார்த்துக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டினார். பதம்தான் என்று அர்த்தம். எனக்கு வந்த மூச்சில் மிச்ச மைதாவும் பறந்திருக்கும்.

எல்லோரும் நகர்ந்த பிறகு தோழி தன் ஃபோனில் அப்பாவையும் படத்தையும் சேர்த்துப் பிடித்து அவரிடமே காட்டினாள். அப்பா ஃபோனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தன் தலையைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

"ஏ தாயி" என்றார் மெதுவாக. "அப்ப படத்துல இருக்கது மாவா?"

"பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

"நரைன்னுல்லா நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு சாயங்காலம் பாத்ததும் பக்குன்னு ஆயிட்டு. பிள்ள கண்ணுக்கு நாம இவ்வளவு கிழவனாத் தெரியுதோம், அச்சு அசல்னு வேற சொல்லுதா. இனி அப்பனால முடியாதுன்னு நெனச்சி, நீயே படிப்ப விட்டுட்டு சித்தப்பன் கடையில போயி உக்காந்துருவியோன்னு பயந்துட்டேன். அங்க ஆளு எடுத்துட்டாங்கன்னா நிம்மதின்னுதான் கேட்டேன். இன்னும் ரொம்ப வருஷம் மில்லு ஓட்டுவேன்னு உனக்குத் தெரியணும்லா. அதான் மை அடிச்சேன்."

இரண்டு நாள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தது இந்த மனுஷனிடம். அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன், சந்தன நிறச் சட்டை போய் நீலம் போட்ட பனியன் வந்திருந்த அந்தத் தோளில். அவர் என் தலையில் ஒட்டிய மைதாவைத் தட்டிவிட்டார்.

"எல்லாமே மாவுதானா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

படத்தைப் பார்த்தேன். தோளில் இருந்தது மாவு. புருவத்தில் மாவு. காதோரம் மட்டும், ஒரு தூசி மாவு விழுவதற்கு முன்னாலேயே, வெள்ளையில் துளி நீலம் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியாக நானே வரைந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது பார்த்து வைத்த நிறம் அது.

"எல்லாம் மாவுதாம்ப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து நின்றார். மீசையைத் தடவி, விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஹைதராபாத்துக்கு ரயிலு எப்பன்னு பாரு" என்றார்.